கண்ணகி வேஷத்தை யார் கட்டுவது?



நம்ம லயங்களில் வன்னிப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. 1973, 74 பஞ்ச காலத்தில் வயிற்றுப் பாட்டுக்கு வழி தேடியும், 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு உதைபட்டும் மலையை விட்டு இறங்கிப் போன சனம், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியது. 1970களின் கடைசியில் காந்தீயம் அமைப்பு வவுனியாப் பக்கம் நிறையப் பேரைக் குடியேற்றியது. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் என்று போனால் நம்ம பேச்சு இன்றைக்கும் காதில் விழும். அந்தச் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முடிந்தால் வற்றாப்பளை அம்மனையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

இந்தக் கட்டுரை நாடகத்தைப் பற்றியது. பொம்பளையின் உடம்பு யாருக்குச் சொந்தம், அதன் மேல் கை வைக்கிறவனை அவள் எப்படி எதிர்த்து நிற்பது என்ற விசயத்தை நாடகம் எப்படிப் பேசுகிறது என்று சொல்லப் பார்க்கிறேன். அதற்கு வற்றாப்பளையிலிருந்து தொடங்குவதுதான் வசதி.

வற்றாப்பளையில் இருப்பவள் கண்ணகி. மதுரையை எரித்த பிறகு கோபம் தணியாமல் கடல் தாண்டி ஈழத்துக்கு வந்தாள், ஒவ்வோர் இடமாகத் தங்கித் தங்கிப் பத்தாவதாகத் தங்கிய இடம்தான் பத்தாம்பளை, அது வாய்மாறி வற்றாப்பளை ஆனது என்று அந்த ஊர்ச் சனம் கதை சொல்லும். நந்திக் கடலோரம் மாடு மேய்த்த பொடியன்கள் முன்னால் ஒரு கிழவியாக வந்தாளாம். பசிக்குது, பொங்கித் தாங்கடா என்றாளாம். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றதற்குக் கடல் தண்ணியை ஊற்றி ஏற்றச் சொன்னாளாம். அது எரிந்ததாம். தலை கடிக்குது, பேன் பாருங்கடா என்று குனிந்தபோது பார்த்தால், தலை முழுக்க ஆயிரம் கண். வைகாசிப் பொங்கலுக்கு இப்போதும் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கேற்றித்தான் சடங்கு தொடங்குகிறது.

அந்தக் கண்ணகியின் கதையை முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தாக ஆடுவார்கள். நம்ம மலையகத்தில் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எப்படியோ, அப்படி அவர்களுக்குக் கோவலன் கூத்து. இரண்டு பக்கமும் ஒரு பழக்கம் ஒன்று. வழி வழியாகப் பொம்பளை வேஷம் கட்டுவது ஆம்பளைதான். நம்ம காமன் கூத்தில் மன்மதனைச் சிவன் எரித்த பிறகு ரதி அழும் அழுகைக்கு லயமே சேர்ந்து அழும். அந்த ரதிக்குச் சேலை கட்டியிருப்பவன் நம்ம பக்கத்து வீட்டுப் பொடியன். கண்ணகியும் அப்படித்தான். இப்போது சில இடங்களில் பெண்களும் கூத்து ஆடுகிறார்கள், ஆனால் பழைய வழக்கம் அதுவல்ல.

ஆம்பளை பொம்பளை வேஷம் கட்டுவதைக் குறையாகச் சொல்லவில்லை. ரதி வேஷத்துக்கு விரதமிருந்து ஆடுபவர்களின் பக்தியும் திறமையும் எனக்குத் தெரியும். ஆனால் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரதிக்குக் கோபமும் துக்கமும் வருவது புருசன் செத்த பிறகு. கண்ணகிக்கும் அப்படித்தான். கோவலன் மாதவியோடு போய்க் கைக்காசெல்லாம் கரைத்துவிட்டு வந்தபோது கண்ணகி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள். தனக்கு நடந்த அநியாயத்துக்கு வாய் திறக்காதவள், புருசனுக்கு நடந்த அநியாயத்துக்கு ஊரையே எரித்தாள். தன் மார்பைத் தானே திருகி எறிந்துதான் அந்த நெருப்பை மூட்டினாள். அதற்குக் கற்பின் சக்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு பக்கம் பெரிய தைரியம் இருக்கிறது. ராசாவின் சபைக்குள் தனியாக நுழைந்து, நீ செய்தது தப்பு என்று சாட்சியோடு நிறுவிய பொம்பளை. மட்டக்களப்பில் இந்தக் கதைக்குப் பெயரே கண்ணகி வழக்குரை. ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சக்தி கற்பில்தான் இருக்கிறது என்று சொன்னால், பலாத்காரத்துக்கு ஆளான பிள்ளை என்ன நினைக்கும்? எனக்கு இனி ஒன்றும் இல்லை, வெளியே சொன்னால் அவமானம் என்றுதான் நினைக்கும். செய்தவன் தலை நிமிர்ந்து தவறணைக்குப் போவான், பட்டவள் முக்காடு போட்டு மூலையில் இருப்பாள். வன்னியில் இது சின்ன விசயம் இல்லை. போர் முடிந்த பிறகு வடக்கு கிழக்கில் ஏறக்குறைய 89,000 விதவைகள் என்று 2010இல் அரச தரப்பிலேயே சொன்னார்கள். ஆம்பளைத் துணை இல்லாத வீட்டில் கதவைத் தட்டுகிறவன் யார் யாரென்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

ஆகவே பொம்பளைகள் தாங்களே நாடகம் போட ஆரம்பித்தபோது முதலில் மாறியது கதை தொடங்கும் இடம். புருசன் செத்த இடத்தில் தொடங்காமல், அவள் வீட்டுக்குள் வாய் திறக்காமல் இருந்த இடத்தில் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் 1980களில் பேராசிரியர் சி. மௌனகுரு எழுதிய "சக்தி பிறக்குது" பெண் விடுதலையைப் பற்றிய நாடகம். மட்டக்களப்பில் 1990களில் வேலையைத் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், நாடகத்தையும் பாட்டையும் கையில் எடுத்ததோடு, பெண்களின் கையில் பறையையும் கொடுத்தது. தப்பு அடிப்பது ஆம்பளை வேலை, அதுவும் ஒரு சாதியாரின் வேலை என்று இருந்த ஊரில், ஒரு பொம்பளை பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தியில் நிற்பதே பாதி நாடகம். தமிழ்நாட்டில் அ. மங்கை, பெண் குழந்தையைப் பிறந்தவுடன் கொல்லும் கொடுமையைப் பற்றி "பச்ச மண்ணு" என்ற நாடகத்தை 1990களில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். பெற்ற வயிற்றின் மேல் மாமியாருக்கும் புருசனுக்கும் ஊருக்கும் என்ன அதிகாரம் என்பது அதில் வரும் கேள்வி.

இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. குடும்பத்தோடு வாசிக்கிற பத்திரிகை என்பதால் அடக்கமாகச் சொல்கிறேன். துரௌபதியின் துகிலுரிதல் நமக்கெல்லாம் மனப்பாடம். கண்ணன் சேலை கொடுத்துக் காப்பாற்றுவார். வங்காள எழுத்தாளர் மகாசுவேதா தேவி அதே பெயரில் ஒரு கதை எழுதினார். அதில் கண்ணன் வரவில்லை. படையினர் கெடுத்த ஒரு பழங்குடிப் பெண், மறுநாள் சேலையைக் கட்ட மறுத்து, அதே கோலத்தில் அதிகாரியின் முன்னால் வந்து நிற்கிறாள். அவன்தான் பயப்படுகிறான். 2000ஆம் ஆண்டில் மணிப்பூரில் கன்கையாலால் இதை நாடகமாக்கினார், அவர் மனைவி சாவித்திரி நடித்தார். ஒரு நடிகை மேடையில் இப்படி நிற்கலாமா என்று பெரிய எதிர்ப்பு. நாலு வருசம் கழிந்தது. 2004 ஜூலை 15, இம்பால் நகரில் படையினர் ஒரு இளம்பெண்ணைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள் என்று, பன்னிரண்டு தாய்மார், வயசானவர்கள், படை முகாம் வாசலில் ஆடை களைந்து நின்று நியாயம் கேட்டார்கள். நாடகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் பார்க்கக் கூச்சப்பட்ட ஊர், தெருவில் அதைப் பார்த்துத் தலைகுனிந்தது.

இனி வன்னிக்கு வருவோம். வன்னிச் சனத்துக்கு வீதி நாடகம் புதிது இல்லை. போர்க் காலத்தில் தெருவெளி நாடகம் சந்திக்குச் சந்தி நடந்தது, ஆனால் பெரும்பாலும் பிரசாரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும். போர் முடிந்த பிறகு நிறுவனங்கள் வந்தன, விழிப்புணர்வு நாடகம் வந்தது. அது நமக்கும் பழக்கம்தான். குடிகாரப் புருசன் தள்ளாடிக்கொண்டு வருவான், சனம் சிரிக்கும். பெஞ்சாதியை அடிப்பான், அவள் அழுவாள். கடைசியில் ஒரு உத்தியோகத்தர் ஃபைலோடு வந்து புத்தி சொல்வார். புருசன் திருந்திக் கும்பிடுவான். நானும் அந்த உத்தியோகம்தான் இத்தனை வருசமாகப் பார்க்கிறேன். ஒரு புத்திமதியில் எந்தப் புருசனும் திருந்தி நான் கண்டதில்லை. பிரசார நாடகமும் சரி, இந்த நாடகமும் சரி, முடிவை முதலே எழுதி வைத்துவிட்டு நம்மைக் கை தட்டச் சொல்கிறவை.

இதற்கு மாற்றான ஒரு முறையைத்தான் விளக்க விரும்புகிறேன். கருத்துக்கள அரங்கு, விவாத அரங்கு என்று பல பெயர் சொல்வார்கள். உண்டாக்கியவர் பிரேசில் நாட்டுக்காரர் அகுஸ்தோ போவால் (1931 - 2009). அது பிறந்த விதமே ஒரு பெண்ணால்தான்.

1970களில் பெரு நாட்டில் எழுத்தறிவு இயக்கம் ஒன்றில் போவால் வேலை செய்தார். ஒரு எழுதப்படிக்கத் தெரியாத பெண் தன் கதையைச் சொன்னாள். அவள் புருசன் சில காகிதங்களைக் கொடுத்து, இது காணிப் பத்திரம் போல முக்கியமானது, பத்திரமாக வை என்று சொல்லியிருந்தானாம். ஒருநாள் சந்தேகம் வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் வாசிக்கச் சொன்னால், அத்தனையும் அவனுடைய கள்ளக் காதலி எழுதிய கடிதம். இப்போது அவன் வீட்டுக்கு வரப்போகிறான், நான் என்ன செய்வது? போவாலின் ஆட்கள் அதை நடித்துக் காட்டிவிட்டுப் பார்த்திருந்த சனத்திடம் யோசனை கேட்டார்கள். அழு என்றார்கள், வீட்டை விட்டுப் போ என்றார்கள், கதவைச் சாத்து என்றார்கள். ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டினார்கள். சபையில் ஒரு வாட்டசாட்டமான பெண் மட்டும், அவனோடு தெளிவாகப் பேச வேண்டும், அதன் பிறகு மன்னிக்கலாம் என்றாள். நடிகை எப்படிப் பேசினாலும் இது தெளிவு இல்லை, இது தெளிவு இல்லை என்றே சொன்னாள். கடைசியில் போவால், அம்மா நீங்களே மேலே வந்து காட்டுங்கள் என்றார். அந்தப் பெண் மேடைக்கு ஏறி, விளக்குமாறை எடுத்து, புருசனாக நடித்த அப்பாவியை வெளுத்து வாங்கினாள். பிறகு உட்கார்ந்து, இப்போ பேசியாச்சு, போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வா என்றாளாம்.

அடிதான் வழி என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் போவாலுக்கு ஒன்று விளங்கியது. அவள் மனசில் இருந்ததை வேறு யாராலும் நடித்துக் காட்ட முடியவில்லை. பார்க்கிறவரே மேடைக்கு வந்தால்தான் தெரியும்.

நடக்கும் விதத்தை நம்ம தோட்டத்துக் கதை ஒன்றைக் கற்பனையாக வைத்துச் சொல்கிறேன். ஒரு பெண், பிள்ளை பெற்று இரண்டு மாசம். காலையில் பிரட்டு, பகல் முழுக்க மலை, பிள்ளைக் காம்பராவில் இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அடுப்பு. ராத்திரி புருசன் குடித்துவிட்டு வருகிறான். அவளுக்கு உடம்பு முடியவில்லை. இன்னைக்கு வேண்டாங்க என்கிறாள். அவன் கையை முறுக்குகிறான். பக்கத்துக் காம்பராவில் மாமியார் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். தகரச் சுவர், எல்லாம் கேட்கிறது. காலையில் கொழுந்து மலையில் வீங்கிய கையைப் பார்த்து என்ன புள்ள என்று கேட்கிறார்கள். வழுக்கி விழுந்துட்டேன் அக்கா. நாடகம் அங்கேயே முடிந்துவிடும், பத்து நிமிசம்தான். அழுகையும் இல்லை, உத்தியோகத்தரும் இல்லை.

அப்போது கூத்தில் வரும் கட்டியக்காரன் போல ஒருவர் முன்னால் வருவார். மறுபடி முதலில் இருந்து நடிப்போம், எந்த இடத்தில் மாற்ற முடியும் என்று தோன்றுகிறதோ அங்கே "நிறுத்து" என்று கத்துங்கள், வந்து அந்த இடத்தில் நில்லுங்கள் என்பார். யாராவது கத்துவாள். வந்து மாமியார் இடத்தில் நின்று, எழும்பி லைட்டைப் போட்டு, டேய் என்னடா சத்தம் என்பாள். நல்லது, ஆனால் புருசனாக நடிப்பவர் உடனே திருந்தக் கூடாது, அதுதான் விதி. நீ படு அம்மா என்று அவன் சீறுவான். அடுத்தவள் வந்து பெண்ணின் இடத்தில் நின்று, மிட்வைஃப் மிஸ் மூணு மாசம் ஆகட்டும்னு சொன்னாங்க என்று பொய் சொல்லிப் பார்ப்பாள். சனத்தில் ஒருத்தி எழும்பி, ஏன் பொய் சொல்லணும், எனக்கு இஷ்டம் இல்லைன்னு சொல்லக்கூடாதா என்று கேட்பாள். இன்னொருத்தி, சொல்லிப் பாரேன் உங்க வீட்ல என்பாள். இந்த இடத்தில்தான் நாடகம் சூடாகும். புருசனுக்குப் பெஞ்சாதி உடம்பு சொந்தமா என்ற கேள்வி, லெக்சர் கொடுத்தால் யாரும் வாய் திறக்காத கேள்வி, தானாக வந்து நடுவில் விழும். காலையில் மலையில் கேட்ட அக்காவின் இடத்துக்கும் ஆள் வரும். விழுந்துட்டேன் என்றதும் சரி புள்ள என்று போகாமல், சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போ என்று சொல்லும் ஒரு அக்கா. எனக்குக் கேட்டால், எல்லாவற்றையும் விட உபயோகமான மாற்றம் அதுதான்.

இந்தியாவில் மேற்கு வங்காளத்தில் 1985இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி என்ற குழு இந்த முறையில் கிராமத்துக் கூலிச் சனத்தோடு வேலை செய்கிறது. சீதனம், பெஞ்சாதியை அடிப்பது, பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம் ஆண் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று அவர்கள் எடுக்கும் கதைகள் நம்ம கதைகளே. நம்ம நாட்டில் பராக்கிரம நிரியெல்ல தொடங்கிய மக்கள் களரி, சிங்களத் தமிழ் இளைஞர்களை ஒன்றாகச் சேர்த்து ஊர் ஊராக நாடகம் கொண்டுபோனது.

வன்னியில் இந்த முறைக்கு எடுக்கக் கதை பஞ்சம் இல்லை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சிக் கரையோரத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமத்துத் தாய்மார், பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சரியாக விளக்காமல் தங்கள் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று முறையிட்டது செய்திகளில் வந்தது. வாசித்தபோது எனக்கு நம்ம மலைதான் ஞாபகம் வந்தது. 1980களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்தால் 500 ரூபாய் கிடைத்த காலத்தில், விளங்கிச் சம்மதித்தவர் எத்தனை பேர், லொறியில் ஏற்றியதால் ஏறிப் போனவர் எத்தனை பேர் என்று நம்ம வயசான அம்மாமார்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது அவள் யோசித்து முடிவெடுக்க வேண்டியது. கருத்தடை கெட்டது என்று யாரும் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவள் கேட்டு வாங்கினால் அது அவளுக்கு உதவி.

தோட்டத்தில் போட்டுப் பார்க்க ஆசைப்படும் மகளிர் சங்கங்களுக்குச் சில விசயம். முதல் தடவை பெண்கள் மட்டும் இருந்து செய்யுங்கள், ஆம்பளை வேஷத்தையும் நீங்களே கட்டுங்கள். பழைய வழக்கத்துக்கு ஒரு பதிலடியாகவும் இருக்கும், சிரிப்பும் வரும். எந்த லயத்தில் நடந்தது, யார் வீட்டில் என்று ஊகிக்கும்படி கதை இருக்கக் கூடாது. நாடகம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு அடி வாங்கப்போவது நடித்தவள் இல்லை, கதைக்குச் சொந்தக்காரி. தானாக முன்வராதவரை மேடைக்கு இழுக்காதீர்கள். சிலர் நடுவில் அழுதுவிடுவார்கள், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். ஆம்பளைகளைக் கூப்பிடுவது மூன்றாவது நாலாவது தடவையில். கூப்பிடத்தான் வேண்டும், ஏனென்றால் புருசன் வேஷத்துக்கு ஒரு உண்மையான புருசன் "நிறுத்து" என்று எழும்பி வருகிற நாள் ஒன்று வர வேண்டும்.

நடத்துகிறவருக்குச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சனம் பொலிசுக்குப் போ என்று கத்தினால், போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியணும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிசாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை கிடைக்கும். அடித்தவனை வீட்டுக்கு வராதே என்றும் நீதிமன்றம் சொல்லலாம். கொழுந்து மடுவத்திலோ மலையிலோ பஸ்சிலோ தொந்தரவு கொடுப்பது 1995ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். ஆனால் அதே 1995 திருத்தம், புருசன் பெஞ்சாதியைப் பலாத்காரம் செய்வதை, இருவரும் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழ்ந்தால் மட்டுமே பலாத்காரம் என்று வைத்தது. மேலே சொன்ன கற்பனைக் கதையில் அந்தப் பெண்ணின் கையை முறுக்கியதற்குச் சட்டம் இருக்கிறது, அவள் "வேண்டாம்" என்றதற்கு இல்லை. இதையும் மறைக்காமல் சபைக்குச் சொல்லுங்கள்.

நாட்டில் புருசனோடு அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அவரிடமே உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார் என்று 2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் எடுத்த கணக்கு சொல்கிறது. இருபது காம்பரா லயத்தில் இதைப் பொருத்திப் பார்த்தால் நாலு காம்பரா.

பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பிள்ளைகளுக்கு 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119. பிள்ளைக் காம்பராச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்கவும்.